பில்லுக்கும் ஒரு விலாசம் வேண்டும்

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு ஆத்தங்குடி டைல்ஸ் வியாபாரம். பட்டறை ஆத்தங்குடியில், ஆபீஸும் குடோனும் காரைக்குடியில். அப்பச்சியும் சித்தப்பாவும் பங்குதாரர்கள், கணக்கு வழக்கு என் பொறுப்பு. கணக்கு எழுத டேலி பிரைம் மென்பொருள் இருக்கிறது. டெலிவரி சலானும் ஸ்டாக்கும் பல வருடங்களுக்கு முன் ஒருவர் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதிக் கொடுத்த புரோகிராமில் ஓடுகின்றன. அவர் இப்போது துபாயில். டிசைன் ஒப்புதல் எல்லாம் வாட்ஸ்அப். போன மாதம் பெங்களூரு ஆர்க்கிடெக்ட் ஒருவர், "நான் ஓகே சொன்ன டிசைன் இது இல்லை" என்று பணத்தை நிறுத்திவிட்டார். அவர் ஓகே சொன்ன படம், வேலையை விட்டுப் போன பையனின் போனில் இருக்கிறது. இப்போது ஒரு கம்பெனி ஆவண மேலாண்மை மென்பொருள் விற்க வந்திருக்கிறது. "டேலி, பழைய புரோகிராம், வாட்ஸ்அப், மெயில், எல்லாத்தோடும் இன்டகிரேட் ஆகும்" என்கிறார்கள். பாதிப் பணம் அட்வான்ஸ். சித்தப்பாவோ, "பாக்ஸ் ஃபைல் வச்சே இத்தனை காலம் ஓட்டியாச்சு, இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" என்கிறார். வாங்கலாமா? ஏப்ரலில் தொடங்கலாமா?
– பெயர் வேண்டாம், காரைக்குடி.

பதில்:

அட்வான்ஸை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். மென்பொருள் மோசம் என்று சொல்லவில்லை. அது எதுவென்றே எனக்குத் தெரியாது. "எல்லாத்தோடும் இன்டகிரேட் ஆகும்" என்று சொல்பவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. சிமென்ட் டீலர் கொடுத்த பில் ஒன்றை அவர் முன்னால் வைத்து, "இதை ஸ்கேன் பண்ணினால், டேலியில் இதற்கான என்ட்ரி எது என்று உங்கள் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பெயர், தேதி, தொகை மூன்றையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் என்று பதில் வந்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். ஒரே டீலரிடம் ஒரே நாளில் ஒரே தொகைக்கு இரண்டு லோடு இறங்குவது உங்கள் தொழிலில் சாதாரணம். அங்கே அந்த ஒப்பீடு இடறும்.

இந்தச் சிக்கலை உங்கள் ஊர்க்காரர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். பாட்டன் பெயர் பேரனுக்கு என்று வைத்துக்கொண்டே போனதில், ஊருக்குள் ஒரே பெயரில் பலர். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்தபோது, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து விலாசம் வைத்தார்கள். கடிதமானாலும் கணக்கானாலும் விலாசத்தைப் பார்த்துத்தான் அது எந்தக் கடையுடையது என்று தெரியும். உங்கள் ஆபீஸுக்கு வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் அதேபோல ஒரு விலாசம் வேண்டும். அது முடிவாகிவிட்டால் இணைப்பு வேலையில் பெரும்பகுதி முடிந்தது. முடிவாகாவிட்டால் எத்தனை லட்சம் கொட்டினாலும் ஸ்கேன் பண்ணிய குப்பைதான் மிஞ்சும்.

டேலியில் ஒவ்வொரு என்ட்ரிக்கும் (வவுச்சர்) விழும் எண்ணையே விலாசமாக வைத்துக்கொள்ளலாமே என்று முதலில் தோன்றும். வேண்டாம். தானியங்கி எண் வரிசை வைத்திருந்தால், நடுவில் ஒரு வவுச்சரைச் சேர்த்தாலோ அழித்தாலோ பின்னால் உள்ளவற்றின் எண்கள் மாறிவிடக்கூடும். டேலி பிரைமின் புதிய பதிப்புகளில் பழைய எண்ணை அப்படியே தக்கவைக்கும் வசதி வந்திருக்கிறது. உங்களிடம் அது எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாறாத உள் அடையாளம் ஒன்றை டேலி ஒவ்வொரு வவுச்சருக்கும் வைத்திருக்கிறது. மென்பொருள்கள் தங்களுக்குள் பேச அது போதும். ஆனால் அது நீளமான சரம், யாரும் பேனாவால் காகிதத்தில் எழுத முடியாது. அதோடு, பில் கைக்கு வரும் நேரத்தில் டேலியில் என்ட்ரியே இருக்காது. காகிதத்தோடு கூடவே பிறக்கிற எண்தான் உங்களுக்கு வேண்டும்.

கொள்முதலுக்கு அந்த எண்ணைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மின் விலைப்பட்டியலுக்கு (இ-இன்வாய்ஸ்) அரசு தளம் தரும் 64 எழுத்து அடையாள எண்ணான ஐ.ஆர்.என். எதிலிருந்து உருவாகிறது என்று பாருங்கள். விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண், அவ்வளவுதான். இந்த நான்கும் சேர்ந்தால் நாடு முழுவதிலும் ஒரே ஒரு பில்லைத்தான் குறிக்கும். அந்தச் சூத்திரத்தையே நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் மற்ற நிறுவனங்களுக்குத் தரும் பில்லை மின் விலைப்பட்டியலாகத்தான் தர வேண்டும். ஆகவே பெரிய சிமென்ட், நிறப்பொடி சப்ளையர்களின் பில்லில் க்யூ.ஆர். குறி இருக்கும். இருவரின் ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, தொகை, ஐ.ஆர்.என். எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. மென்பொருள் அந்தக் குறியைப் படித்தாலே போதும், எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர்.) வைத்து ஊகிக்க வேண்டாம். "உங்கள் மென்பொருள் க்யூ.ஆரைப் படிக்குமா?" என்பது விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி.

சின்ன சப்ளையர்களுக்கு க்யூ.ஆர். இருக்காது, சிலருக்கு ஜி.எஸ்.டி. எண்ணே இருக்காது. மணல் லோடுக்காரரும் கண்ணாடி வெட்டித் தருபவரும் அந்த வகை. அவர்களுக்கு நீங்களே ஒரு குறியீடு கொடுத்து, டேலி லெட்ஜரிலும் அதே குறியீட்டைப் போட்டுவிடுங்கள். இந்த வேலைக்கு உட்காரும்போது ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று லெட்ஜர் இருப்பது வெளிச்சத்துக்கு வரும். அதை முதலில் ஒழுங்கு பண்ணுங்கள். எந்த மென்பொருளும் உங்களுக்காக அதைச் செய்து தராது.

இன்னொரு சின்ன விஷயம், பலரும் இதில் மாட்டுகிறார்கள். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதில் சாய்கோடு வரலாம். விண்டோஸில் கோப்புப் பெயரில் சாய்கோடு வரக் கூடாது. ஆகவே பில் எண்ணையே கோப்புப் பெயராக வைக்கும் திட்டம் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும். ஒருவர் கோடு போடுவார், ஒருவர் அதை விட்டுவிடுவார், தேடினால் கிடைக்காது. பில் எண் மென்பொருளுக்குள் ஒரு தனிப் புலமாக (விவரத்தை நிரப்பும் கட்டமாக), அச்சில் உள்ளபடியே இருக்கட்டும். கோப்புக்கு என்ன பெயர் இருந்தாலும் கவலையில்லை.

விற்பனைப் பக்கம் விலாசம் ஆர்டர் எண். அது கொட்டேஷன் கொடுக்கும் அன்றே பிறந்துவிட வேண்டும். பில் போடும் நாளில்தான் எண் வருகிறது என்றால், அதற்கு முன்பு நடந்த பேச்சு, டிசைன், ஒப்புதல் எல்லாம் அநாதை. உங்கள் பெங்களூரு வழக்கு அப்படித்தான் வந்திருக்கிறது. கொட்டேஷன், டிசைன் படம், சலான், லாரிக்காரரின் எல்.ஆர். (லாரி ரசீது), சரக்கு இறங்கியதற்கான கையெழுத்து எல்லாவற்றிலும் ஒரே ஆர்டர் எண் இருக்கட்டும். டேலியில் சேல்ஸ் வவுச்சர் போடும்போது சரக்கு அனுப்பும் விவரத்துக்கான (டிஸ்பாட்ச் டீடெய்ல்ஸ்) திரை வருமே, அதில் ஆர்டர் எண், எல்.ஆர். எண், வண்டி எண் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. பலரும் என்டர் தட்டித் தாண்டிப் போகிற திரை அது. இனி அதை நிரப்புங்கள். இணைப்பு அந்தப் புலத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப்போகிறது.

டிசைன் ஒப்புதல் பற்றி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கையால் நிறம் ஊற்றும் டைலுக்கு, போன் திரையில் தெரிந்த நிறத்தை வைத்து ஒப்புதல் வாங்குவதே வம்பை விலைக்கு வாங்குவது. ஒரே கலவையில்கூடச் சாயல் முன்பின் வரும். மாதிரி டைல் இரண்டு போட்டு, பின்பக்கம் ஆர்டர் எண்ணை எழுதி, ஒன்றை அவருக்கு அனுப்புங்கள். மற்றது குடோனில் இருக்கட்டும். மென்பொருளில் அந்த ஆர்டருக்குக் கீழே படத்தோடு, மாதிரி டைல் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் பதிவு செய்யுங்கள். நல்ல ஆவண மென்பொருளால் திரையில் இல்லாத பொருளின் இருப்பிடத்தையும் காட்ட முடியும். ஒப்புதல் வந்த படத்தை அன்றே பூட்டிவிடுங்கள். பிறகு பார்டர் மாற்றம் கேட்டால் அது இரண்டாம் பதிப்பு. அதற்குத் தனியாக ஒப்புதல். பூட்டிய பதிப்பை அழிக்கும் உரிமை உங்களையும் சேர்த்து யாருக்கும் இருக்கக் கூடாது.

அடுத்தது, எந்த விவரத்துக்கு எது சொந்தக்காரன் என்ற கேள்வி. தொகையும் வரியும் பாக்கியும் டேலிக்குச் சொந்தம். ஸ்டாக் இப்போதைக்குப் பழைய புரோகிராமுக்கு. காகிதமும் ஒப்புதலும் புதிய மென்பொருளுக்கு. சொந்தக்காரன் சொல்வதை மற்றவை படிக்கலாம், திருத்தக் கூடாது. இருவழி ஒத்திசைவு (டூ-வே சிங்க்) என்று விற்பனையாளர் பெருமையாகச் சொல்வார். மறுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் திருத்தலாம் என்றால், ஒரு நாள் இரண்டும் இரண்டு தொகை காட்டும். எது சரி என்று சொல்ல ஆள் இருக்காது. ஸ்கேன் செய்த பில்லிலிருந்து டேலிக்குத் தானாகவே என்ட்ரி விழும் வசதியையும் முதல் வருடம் தொடாதீர்கள். எழுத்துணரி ஜி.எஸ்.டி. எண்ணைத் தப்பாகப் படித்தால் பிடித்துவிடலாம். அதன் 15-வது எழுத்து சரிபார்ப்புக்காகவே இருக்கிறது. ஆனால் 8-ஐ 3 என்று படித்த தொகைக்கு அப்படி ஒரு காவல் இல்லை. என்ட்ரியை நீங்களே போடுங்கள். பில்லைத் தேடி எடுத்துப் பக்கத்தில் காட்டும் வேலையை மட்டும் மென்பொருள் செய்யட்டும்.

டேலியோடு எப்படிப் பேசுவது? டேலி வெளி மென்பொருள்களுக்கு எக்ஸ்.எம்.எல். என்ற தரவு வடிவத்தின் வழியாகப் பதில் சொல்லும். வழக்கமாக 9000 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் இணைப்பு வாசலில். அந்தக் கணினியில் டேலி திறந்து, உங்கள் கம்பெனி லோடு ஆகியிருந்தால்தான் பதில் வரும். இரவு 11 மணிக்கு ஒத்திசைவு என்று வைத்துவிட்டு, மாலை 7 மணிக்கு ஆபீஸைப் பூட்டும்போது யாராவது கணினியை அணைத்துவிட்டுப் போனால் ஒன்றும் நடக்காது. மறுநாள் காலையில் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓட வையுங்கள். ஓடவில்லை என்றால் உங்கள் போனுக்குச் செய்தி வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த போர்ட்டை ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வெளியே திறக்க ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். "ஆத்தங்குடியிலிருந்தும் பார்க்கலாம் சார்" என்று ஆசை காட்டுவார்கள். டேலித் திரையிலேயே "பில்லைக் காட்டு" என்று ஒரு பட்டன் வேண்டுமானால் டி.டி.எல்.-இல் (டேலிக்கான நிரல்மொழி) புரோகிராம் எழுத வேண்டியிருக்கும். எழுதட்டும், ஆனால் அதன் மூலக் கோப்பு உங்கள் கைக்கு வர வேண்டும். டேலியைப் புதுப்பிக்கும்போது அது மக்கர் பண்ணினால் வேறு யாரையாவது வைத்துச் சரிசெய்ய முடியும். துபாய்க்காரர் அனுபவம் ஒருமுறை போதும்.

இத்தனை பாடுபடுவதற்கும் கிடைக்கும் பலன் என்ன? தினமும் வரப்போகும் ஒரு பட்டியல். டேலியில் என்ட்ரி இருக்கிறது, பில் இல்லை. பில் இருக்கிறது, என்ட்ரி இல்லை. சித்தப்பாவிடம் காட்ட வேண்டியது இதைத்தான். தேடும் வசதி, கிளவுட் என்றெல்லாம் பேசினால் அவர் எழுந்து போய்விடுவார், நியாயமும்கூட. உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி.யை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க வேண்டுமானால் பில் உங்கள் கையில் இருக்க வேண்டும், சப்ளையர் தாக்கல் செய்த விவரத்திலும் அது வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி வாக்கில் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் 2பி, அதாவது சப்ளையர்கள் உங்கள் பெயரில் தாக்கல் செய்த பில்களின் பட்டியல், வருகிறது. அதையும் இந்தப் பட்டியலோடு சேர்த்து ஒப்பிட்டால், 2பி-யில் வந்து உங்கள் கையில் இல்லாத பில் எது என்று அன்றே தெரியும். பாக்ஸ் ஃபைல் தன்னிடம் இருப்பதை மட்டும் சொல்லும், இல்லாததைச் சொல்லாது. விட்டுப்போன ஒவ்வொரு பில்லும் விட்டுப்போன வரி வரவு. இதைச் சொன்னால் சித்தப்பா உட்கார்ந்து கேட்பார் என்று நினைக்கிறேன்.

ஆக்சஸ் புரோகிராமுக்கு வருவோம். அதற்குள் எதையும் எழுதும் இணைப்பு வேண்டாம். தினமும் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியிலிருந்து சலான் எண்ணையும் ஆர்டர் எண்ணையும் மட்டும் படித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புரோகிராமில் ஆர்டர் எண்ணுக்கு இடமில்லை என்றால், குறிப்பு எழுதும் கட்டத்தில் போடுங்கள். உங்கள் அளவு வியாபாரத்துக்கு டேலியின் டெலிவரி நோட் வசதியே போதும் என்பது என் அபிப்பிராயம். சலானை ஏப்ரலிலிருந்து அங்கே மாற்றிவிட்டால், இந்த இணைப்புக்கான செலவே மிச்சம். விற்பனையாளர் இதைச் சொல்ல மாட்டார். ஒரு இணைப்பு குறைந்தால் அவருக்கு ஒரு பில் குறைகிறது.

பழைய தமிழ்க் கோப்புகளில் இன்னொரு பொறி உண்டு. அந்தக் காலக் கொட்டேஷன்களைப் பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ அடித்திருப்பீர்கள். பி.டி.எஃப். ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கணினிக்கோ அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். "மாம்பழ மஞ்சள்" என்று யூனிகோடில் தேடினால் ஒன்றும் வராது. பழைய எழுத்து அடுக்கை விட்டுவிட்டு, படமாகப் பார்த்து எழுத்துணரியைப் புதிதாக ஓட்ட வேண்டும். டெசராக்ட் என்ற திறமூல எழுத்துணரிக்கு அச்சுத் தமிழ் படிக்கத் தெரியும், 300 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்தால் ஓரளவு நன்றாகவே வரும். பட்டறைக் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தை அது படிக்கும் என்று நம்ப வேண்டாம். அந்தக் காகிதங்களுக்கு விலாசத்தை மட்டும் கையால் அடித்தால் போதும். எடைமேடைச் சீட்டும் டீசல் சீட்டும் வெப்பத் தாள் (தெர்மல் பேப்பர்). சில மாதத்தில் வெளுத்துப் போகும். அவற்றை வந்த அன்றே ஸ்கேன் செய்யுங்கள்.

வாட்ஸ்அப்போடு இணைப்பு என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். முறையான வணிக இணைப்பு என்றால் தனிக் கட்டணம், தனி ஏற்பாடு. சாதாரண எண்ணில் ஏதோ கருவியைச் செருகித் தானாக இழுப்பது என்றால், அது வாட்ஸ்அப் விதிகளுக்கு மாறானது, எண்ணே முடக்கப்படலாம். வாடிக்கையாளர்கள் வருடக்கணக்காகக் கூப்பிடும் எண்ணை அப்படிப் பணயம் வைக்கலாமா? பையன்களின் சொந்த எண்ணில் வியாபாரம் பேசுவதை நிறுத்தி, ஆபீஸ் எண் ஒன்றில் கொண்டுவாருங்கள். ஒப்புதல் வந்ததும் படத்தை மென்பொருளின் மெயில் முகவரிக்குத் தட்டிவிடுவது ஒரு நிமிட வேலை. படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். கூடவே, "ஆர்டர் எண் இன்னது, இந்த டிசைனுக்குச் சம்மதம்" என்று ஒரு வரி மெயில் வாங்கிவிட்டால் தகராறுக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் தர வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பிலிருந்து கணக்கிடும், கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் ஒரு சரம்) குறிக்க வேண்டும். கோப்பு உள்ளே வரும்போதே ஹேஷைக் கணக்கிட்டுப் பதிந்து வைக்கும் மென்பொருளாக வாங்கினால் பின்னால் அலைச்சல் குறையும். ஜி.எஸ்.டி. ஆவணங்களை அந்த ஆண்டின் ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023–24 காகிதம் என்றால் 2030 டிசம்பர் 31 வரை. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தால் அதற்கு மேலும். கூட்டு ஒப்பந்தப் பத்திரம், நிலப் பத்திரம் போன்றவற்றை ஸ்கேன் செய்தாலும் மூலத்தைப் பெட்டகத்திலிருந்து எடுக்காதீர்கள். "எடிட் லாக் (என்ட்ரியில் யார் எதை மாற்றினார் என்ற பதிவு) கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம்" என்று யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம், 2023 ஏப்ரல் 1 முதல் அந்த விதி கம்பெனிகளுக்குத்தான். உங்களுடையது கூட்டு நிறுவனம். இருந்தாலும் டேலியில் அதைப் போட்டு வைப்பது நல்லதே.

ஏப்ரலைப் பொறுத்தவரை, ஆர்டர் எண் வரிசையை ஏப்ரல் 1-ல் தொடங்குங்கள். கொள்முதல் பில்களை இப்போதே ஒரு மாதத்துக்குச் சோதனையாக ஓட்டிப் பாருங்கள், அவர்கள் கொண்டுவரும் மாதிரிப் பில்லில் அல்ல, உங்கள் சொந்தப் பில்லில், உங்கள் டேலியின் பிரதியில். பழைய ஃபைல்களை மொத்தமாக ஸ்கேன் செய்யும் கூலியை மிச்சம் பிடியுங்கள். இன்னும் முடியாத ஆர்டர்கள், தகராறில் உள்ளவை, நடப்பு ஆண்டு ஆகியவை போதும். மற்றவற்றைத் தேவைப்படும்போது ஸ்கேன் செய்துகொள்ளலாம். பாக்ஸ் ஃபைல் அடுத்த ஆடிட் முடியும்வரை இருக்கட்டும். அந்த ஃபைலின் எண்ணையும் மென்பொருள் பதிவில் ஒரு புலமாக வையுங்கள். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். என்ட்ரிக்கும் பில்லுக்கும் பொருந்தாத பட்டியல் உங்கள் தரவில் சரியாக வந்ததும் முதல் பங்கு. ஒரு மாதம் தடங்கலில்லாமல் ஓடியபின் இரண்டாவது. எல்லா ஆவணங்களையும் அவற்றின் எண், தேதி, ஆர்டர் விவரங்களோடு ஒரு ஹார்ட் டிஸ்கில் வெளியே எடுத்து, அவர்கள் மென்பொருள் இல்லாத கணினியில் உங்கள் முன்னால் திறந்து காட்டியபின் கடைசிப் பங்கு. இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டதும் விற்பனையாளர் தயங்கினால், அட்வான்ஸ் கேள்விக்கு வேறு பதில் தேவைப்படாது.